அந்தப் பந்தை அவன் தொட்டது தவறா? “கீப்பர்கிட்ட குடு” என்று கத்தியது நான்

நீடாமங்கலம் பட்டறை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் கால்பந்து ஆடியவன் இல்லை, பார்ப்பவன். நீடாமங்கலத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பிளஸ் டூவோடு படிப்பு நின்றுபோனது. கல்லூரி வாசலை மாணவனாக மிதித்ததில்லை. ஆனாலும் எங்கள் பக்கத்துக் கல்லூரி டீமுக்கு உள்ளூர் கிரவுண்டில் மேட்ச் என்றால் பட்டறையைச் சாத்திவிட்டுப் போய்விடுவேன். 1999இலிருந்து இப்படித்தான்.

அந்த கிரவுண்டில் மேற்குப் பக்கத்து கோல் போஸ்ட் நான் செய்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது, ஓரத்தில் நின்ற தூங்குமூஞ்சி மரம் பழைய போஸ்ட் மேல் சாய்ந்து குறுக்குக் குழாய் வில்லாக வளைந்துவிட்டது. கரண்டு வந்து பட்டறை ஓட ஆரம்பித்ததும் பி.டி. சார் கூப்பிட்டார். உள்பக்கத்துக்கு உள்பக்கம் 7.32 மீட்டர் அகலம், தரையிலிருந்து குறுக்குக் குழாயின் அடிவரை 2.44 மீட்டர் உயரம், அதாவது 24 அடிக்கு 8 அடி. குழாயின் தடிமன் 12 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றார். நாலு இஞ்ச் ஜி.ஐ. பைப் போட்டேன், வெளி விட்டம் பதினொன்றரைக்குள் அடங்கியது. கூலி வாங்கவில்லை. போன வியாழக்கிழமை அந்த போஸ்டுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, ஃபைனல், எங்கள் கிரவுண்டிலேயே. பதினாறு வருஷத்துக்குப் பிறகு எங்கள் பையன்கள் ஃபைனலுக்கு வந்திருந்தார்கள். பாதிக்கு 35 நிமிஷம். பதினோராவது நிமிஷத்தில் ஒன்று, இருபத்தொன்பதில் தலையால் முட்டி ஒன்று, 2-0. இடைவேளையில் மழை கால் மணி நேரம் கொட்டியது. எங்கள் மண் உங்களுக்குத் தெரியும், நனைந்தால் ஷூவை விடாது.

இரண்டாம் பாதி தொடங்கி ஐந்து நிமிஷத்தில் நாங்கள் கத்த ஆரம்பித்தோம். “பின்னால வாங்கடா! ஆளப் புடிங்கடா! அடிச்சு வெளிய தள்ளு!” லைனைச் சுற்றி முந்நூறு பேர் இருந்திருப்போம். இரண்டு கோல் கையில் இருக்கிறது, அதைக் காப்பாற்றினால் போதும் என்று எல்லோருக்கும் ஒரே பதற்றம். எதிர்ப்பக்கம் பி.டி. சார் இரண்டு கையையும் முன்னால் வீசி “ஏறு, ஏறு” என்று காட்டிக்கொண்டிருந்தார். அவர் வாய் அசைந்ததுதான் எனக்குத் தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை என்றால் பையன்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? பத்துப் பேரும் எங்கள் கோலுக்கு முன்னால் இருக்கும் பெட்டிக்குள் வந்து அடைந்துகொண்டார்கள். 52இல் கார்னரிலிருந்து ஒரு கோல் வாங்கினோம்.

அப்புறம் 61ஆவது நிமிஷம். இடது மூலையில் எங்கள் லெப்ட் பேக்கிடம், அதாவது இடது பக்கத் தடுப்பு ஆளிடம், பந்து. முதுகுக்குப் பின்னால் ஒருவன் விரட்டி வருகிறான். லைனுக்கு வெளியே தட்டிவிட்டிருந்தால் வெறும் த்ரோ. நான் தொண்டை கிழியக் கத்தினேன்: “கீப்பர்கிட்ட குடு!” அவன் திரும்பி கீப்பருக்குத் தள்ளினான். பாதி வழியில் பந்து சேற்றில் நின்றுவிட்டது. அந்த எதிரணிப் பையன் பாய்ந்து வருகிறான். எங்கள் கீப்பர் ஓடி வந்து விழுந்து பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். விசில். எதிராளி மோதியதற்கு ஃபவுல் என்று நினைத்துக் கைதட்டினோம். ரெஃப்ரி கையை நேராக மேலே தூக்கி, எங்கள் கோலுக்கு எதிரே ஐந்தரை மீட்டர் கோட்டைக் காட்டினார். பேக் பாஸ், அதாவது சொந்த ஆள் காலால் தள்ளியதைக் கீப்பர் கையால் எடுத்தது. இன்டைரக்ட் ஃப்ரீ கிக்.

எங்கள் பதினொரு பேரும் போஸ்டுக்கும் போஸ்டுக்கும் நடுவே கோட்டின் மேல் வரிசையாக நின்றார்கள். அவர்கள் ஆள் பக்கத்தில் தட்டிக்கொடுக்காமல் நேராகவே அடித்தான். இரண்டு பேருக்கு நடுவே பந்து வந்தது. கீப்பரின் விரல் நுனியில் பட்டு உள்ளே போனது. 2-2.

அவர்களுடைய மூன்றாவது கோல் கடைசி நிமிஷத்தில், 2-3. அதைப் பற்றி எழுத மனசில்லை. அதற்குள் யாருக்கும் காலில் உயிர் இல்லை.

அன்று ராத்திரி மகன் போனில் சட்டத்தைத் தேடிப் படித்துக் காட்டினான். இன்டைரக்ட் ஃப்ரீ கிக்கில் அடித்த பந்தை வேறு யாருமே தொடாமல் அது நேராக கோலுக்குள் போனால் கோல் கிடையாதாம், எங்களுக்கு கோல் கிக்காம். அதாவது எங்கள் பையன் கையை இழுத்துக்கொண்டிருந்தால் 2-1ஆகவே இருந்திருக்கும். இது கல்லூரி வாட்ஸப் குரூப்பிலும் பரவிவிட்டது. இரண்டு தப்பும் அவன் தலையில்: கையால் எடுத்தது, கையால் தொட்டது.

அவன் மூன்றாம் வருஷம் பி.எஸ்சி. எங்கள் பக்கம் ஆறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பைத் தாண்டி ஒரு கிராமம். அப்பா, அம்மா இரண்டு பேரும் வயல் வேலை. தை அறுவடை முடிந்த வயலில் நெல் தாள் காலைக் குத்தக் குத்த ஆடிக் கற்றவன். அந்த ஆட்டத்தில் பேக் பாஸ் சட்டமெல்லாம் கிடையாது. காலைப் பயிற்சி முடிந்ததும் பட்டறைக்கு வந்து என்னோடு ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவான். வியாழனுக்குப் பிறகு வரவில்லை. கிரவுண்டுக்கும் வரவில்லை.

மேட்ச் முடிந்ததும் அவன் போஸ்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். நாலடி தூரம். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது ரயில்வே கேட்டு போட்டிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு நின்ற கூட்டம் முழுக்க கீப்பரைத்தான் பேசிக்கொண்டிருந்தது. “பந்தைக் குடுக்கச் சொல்லிக் கத்துனது நான்யா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட்டு திறக்கும்வரை வாயே திறக்காமல் நின்றேன். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

என் கேள்வி இரண்டு. அவன் அந்தப் பந்தைத் தொட்டது தவறா? நான் அவன் வீட்டுக்குப் போய்ப் பேசலாமா, போனால் என்ன சொல்வது? இனி கிரவுண்டுக்கே போகக் கூடாது என்றுகூட நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மாயவரம் விசில் எழுதியது:

தம்பி, நான் 19 வருஷம் ரெஃப்ரியாக ஓடியவன். முட்டி தேய்ந்ததால் நிறுத்திவிட்டேன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

உங்கள் மகன் படித்தது சரி. ரெஃப்ரி கையைத் தூக்கியபடியே நிற்பது அதற்குத்தான். இப்படி கோலுக்கு எதிரே அடிக்கும்போது, பந்து இன்னொரு ஆளின் மேல் படும்வரை அல்லது வெளியே போகும்வரை அந்தக் கையை இறக்கக் கூடாது. அந்த இன்னொரு ஆள் யாராகவும் இருக்கலாம். அடித்தவனின் கூட்டாளியாக இருக்கலாம், உங்கள் டிபென்டராக இருக்கலாம், கீப்பராகவும் இருக்கலாம். யார் மேல் பட்டுப் போனாலும் கோல்தான்.

இப்போது அந்தப் பையன் நின்ற இடத்தில் நின்று பாருங்கள். பந்து வைத்த இடம் ஐந்தரை மீட்டர். நல்ல உதையில் அந்தத் தூரத்தைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. சாதாரண ஃப்ரீ கிக்கில் எதிராளிகள் 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இங்கே அதற்கு இடமே இல்லாததால் சொந்த கோல் கோட்டில், போஸ்டுகளுக்கு நடுவே நிற்கலாம் என்று சட்டம் விட்டுக்கொடுக்கிறது. ஆக 24 அடிக்குள் பதினொரு பேர், எதிரே அவர்கள் ஆட்கள் நாலைந்து பேர், எல்லாம் சேறு பூசிய கால்கள். பந்து யாருடைய கால்சட்டையை உரசி வருகிறது என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. எனக்கே பக்கத்தில் நின்று பார்த்தும் சில சமயம் தெரிந்ததில்லை. உரசியிருந்து அவன் கையை இழுத்துக்கொண்டிருந்தால், இன்று உங்கள் வாட்ஸப் குரூப் என்ன எழுதியிருக்கும்? “கையைக்கூடத் தூக்கலையே” என்று எழுதியிருக்கும். அந்த இடத்தில் கையை எடுத்த கீப்பரை நான் ஒருவனைக்கூடப் பார்த்ததில்லை. அவன் செய்தது சரி. இதை நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பந்தைக் கையால் எடுத்தது தவறு, அதில் மறுபேச்சு இல்லை. சக ஆட்டக்காரன் வேண்டுமென்றே காலால் தள்ளிக் கொடுத்ததைக் கீப்பர் கையால் தொடக் கூடாது. தலையால் முட்டியோ மார்பால் தட்டியோ கொடுத்தால் எடுக்கலாம். இந்தச் சட்டமே 1992இல்தான் வந்தது. அதற்கு முன்னால் டிபென்டரும் கீப்பரும் பந்தை மாற்றி மாற்றிக் கொடுத்து நேரத்தைத் தின்பார்கள். 1990 இத்தாலி உலகக் கோப்பையில் அது பொறுக்க முடியாத அளவுக்குப் போனது. நாங்கள் இளவட்டமாக ஆடியபோது கையால் எடுப்பதுதான் புத்திசாலித்தனம். சட்டம் வந்த புதிதில் பெரிய பெரிய கீப்பர்களே தடுமாறினார்கள். வயலில் கற்ற பையனின் உடம்பில் பழைய சட்டம் ஊறியிருக்கிறது. பதறும்போது மனசு படித்ததை மறந்துவிடும், உடம்பு பழகியதைத்தான் செய்யும்.

---

தஞ்சை மேலவீதி எழுதியது:

பெரியவர் சட்டத்தை நன்றாக விளக்கிவிட்டார். ஆனால் பட்டறை அண்ணன் சொல்லும் காரணத்தில் எனக்கு உடன்பாடில்லை.

கூட்டம் கத்தியதால் டீம் பின்னால் போனது என்கிறீர்கள். நான் பல மேட்ச் பார்த்தவரை, கால் ஓடாததால்தான் டீம் பின்னால் போகும். முன்னால் நிற்கும் இரண்டு பேர் எதிரணி டிபென்டரை விரட்டுவதை நிறுத்தியதும் அவர்களுக்கு நிமிர்ந்து பார்த்து நீளமாக அடிக்க நேரம் கிடைக்கிறது. நீளமாக அடித்தால் நம் பேக் நாலு பேரும் பயந்து பின்வாங்குவார்கள். அவர்களுக்கும் நடுவில் ஆடுபவர்களுக்கும் இடைவெளி விழும். அந்த இடைவெளியை மூட நடுவில் ஆடுபவர்களும் இறங்குவார்கள். கடைசியில் பத்துப் பேரும் பெட்டிக்குள். இது முன்னால் நிற்பவனின் காலில் தொடங்குகிற விஷயம். அதுவும் மழையில் நனைந்த நம்மூர் களிமண்ணில். செமி ஃபைனல் எப்போது நடந்தது? இரண்டாம் பாதியில் எத்தனை ஆளை மாற்றினார்கள்? இதையெல்லாம் எழுதாமல் “நான் கத்தினேன், தோற்றோம்” என்று எழுதியிருக்கிறீர்கள்.

மூன்றாவது கோலைப் பற்றி எழுத மனசில்லை என்றும் சொல்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியம். 2-2 ஆன பிறகு கிட்டத்தட்ட ஒன்பது நிமிஷம் இருந்தது. அந்த ஒன்பது நிமிஷத்தில் என்ன செய்தார்கள்? கோப்பை போனது அங்கேதான். கீப்பரையும் விடுங்கள், உங்களையும் விடுங்கள்.

---

நீடாமங்கலம் பட்டறை எழுதியது:

மாயவரம் ஐயா, உங்கள் பதிலை நாலு முறை படித்துவிட்டேன். நன்றி.

மேலவீதித் தம்பி, நீங்கள் கேட்டதற்குச் சொல்கிறேன். செமி ஃபைனல் புதன்கிழமை சாயங்காலம், ஃபைனல் வியாழன் மதியம். நடுவில் ஒரு ராத்திரிதான். 66ஆவது நிமிஷத்தில் ஒரே ஒரு ஆளை மாற்றினார்கள். பெஞ்சில் இன்னும் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் இறக்கவில்லை என்று எனக்குத் தெரியாது, அதை நான் பேசக் கூடாது. 2-2க்குப் பிறகு எங்கள் நடு ஆள் இரண்டு பேர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது கோல், எங்கள் கார்னரிலிருந்து வந்தது. எல்லோரும் மேலே போயிருந்தார்கள், பந்து திரும்பியதும் யாரும் கீழே ஓடி வரவில்லை. தனியாக வந்தவனை எதிர்த்துக் கீப்பர் மட்டும் வெளியே ஓடினான். அதற்கு அவனை ஒருவரும் குறை சொல்லவில்லை, ஏனென்றால் யாருக்கும் அந்த கோல் நினைவிலேயே இல்லை.

ஆகக் கால் ஓயவும் செய்தது, நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 61ஆவது நிமிஷத்தில் லெப்ட் பேக்கின் தலை என் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். நான் கத்திய பிறகுதான் திரும்பினான். அதை எப்படி விடுவது?

---

பட்டுக்கோட்டை எட்டாம் நம்பர் எழுதியது:

அண்ணா, நான் இரண்டு வருஷம் முன்புவரை எங்கள் கல்லூரி மகளிர் டீமில் நடுவில் ஆடினேன். உள்ளே ஆடுபவர்களுக்குக் கூட்டத்தின் சத்தம் எப்படிக் கேட்கும் என்று இதுவரை யாரும் எழுதவில்லை.

மொத்தக் கூட்டமும் கத்தினால் சொல் பிரியாது. மழை ஓட்டு மேல் விழுகிற மாதிரி ஓர் இரைச்சல், அவ்வளவுதான். ஆனால் பழகிய குரல் ஒன்று இருந்தால் அது மட்டும் தனியாக வந்து காதில் விழும். எனக்கு எங்கள் மாமா குரல் அப்படி. அவர் “அடி” என்றால் கால் தானாக அடித்துவிடும், நான் யோசித்தேனா என்பதே தெரியாது. ஒரு முறை பக்கத்தில் ஆள் காலியாக நின்றும் மாமா கத்தியதால் தூரத்திலிருந்து அடித்து வீணாக்கினேன். அதனால் அந்த லெப்ட் பேக்கின் தலை உங்கள் பக்கம் திரும்பியது என்றால் நான் நம்புகிறேன். மேட்சுக்கு மேட்ச் லைனில் கேட்ட குரல் அது.

எங்கள் மேட்சுக்கு வந்தவர்கள் மாமாவும் இரண்டு பேரின் அம்மாக்களும்தான். திருச்சியில் ஒரு மேட்ச் 0-4 என்று தோற்று பஸ்ஸில் திரும்பினோம். தஞ்சாவூர் வந்து, ஒரத்தநாடும் தாண்டியது, யாரும் பேசவில்லை. மறுநாள் கல்லூரியில் ஒருவர்கூட ஸ்கோர் கேட்கவில்லை. எங்கள் கீப்பர் அந்த நாலு கோலையும் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு அடுத்த வருஷம் டீமுக்கு வரவில்லை. அவளிடம் போய்ப் பேச வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. இன்றைக்குவரை வருத்தம். அவளுக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது, போன் நம்பரும் மாறிவிட்டது.

அதனால் நீங்கள் போங்கள் அண்ணா. நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இனி கிரவுண்டுக்கே போகக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். அந்தப் பையன்கள் அடுத்த மேட்சுக்கு இறங்கும்போது போஸ்டுக்குப் பின்னால் பார்ப்பார்கள்.

---

காரைக்கால் கையுறை எழுதியது:

அண்ணே, நான் கீப்பர். காரைக்காலில் பதினொரு வருஷம் கோலுக்குள் நின்றேன், இப்போது தோஹாவில் வேலை. வேலை முடிந்து வந்து ராத்திரி ஒரு மணிக்கு இதைப் படித்தேன், எழுதாமல் படுக்க முடியவில்லை.

1950 ஜூலை 16, ரியோவில் மரக்கானா மைதானம். அந்த உலகக் கோப்பை யாருக்கு என்று முடிவான மேட்ச், பிரேசிலும் உருகுவேயும். பிரேசிலுக்கு டிரா போதும். ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் வந்திருந்தார்கள். முதல் கோலும் பிரேசில்தான் போட்டது. அப்புறம் உருகுவேயின் கிஜியா வலப்பக்கமாக வந்து உள்ளே தட்டிக்கொடுக்க, ஸ்கியாஃபினோ அடித்தார், 1-1. பத்துப் பதிமூன்று நிமிஷம் கழித்து அதே கிஜியா அதே வலப்பக்கம் வந்தார். பிரேசில் கீப்பர் பார்போசா, இவர் திரும்பவும் உள்ளேதான் தட்டுவார் என்று அரை அடி முன்னால் நகர்ந்தார். கிஜியா போஸ்டுக்கும் கீப்பருக்கும் நடுவில் இருந்த சந்தில் அடித்துவிட்டார். 2-1. பார்போசா 2000இல் இறந்தார். ஐம்பது வருஷம், அந்த ஒரு பந்தை வைத்துத்தான் அவரைப் பேசினார்கள். அந்த மேட்சில் ஆடிய மற்ற பத்துப் பேரை அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. என்னைக் கேட்டால், அவர் அரை அடி நகர்ந்தது நல்ல கீப்பரின் யோசனை. உருகுவேயின் முதல் கோலிலிருந்து பாடம் படித்தவன்தான் அப்படி நகர்வான்.

உங்கள் பையனும் அப்படித்தான். சேற்றில் நின்ற பந்துக்காக எதிராளியின் ஷூவுக்கு முன்னால் முகத்தைக் கொடுத்து விழுந்திருக்கிறான். அதை முதலில் யாராவது அவனிடம் சொன்னார்களா?

போனால் “பரவால்ல விடுடா” என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டால், மற்றவர்கள் மன்னிக்க வேண்டிய ஒரு பெரிய தப்பைச் செய்துவிட்டோம் என்றுதான் கீப்பருக்குக் கேட்கும். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். நீங்கள் கத்தினீர்கள், அவன் குடுத்தான், பந்து சேற்றில் நின்றது, இவன் விழுந்தான். தனியாகப் போகாதீர்கள், அந்த லெப்ட் பேக்கையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். அவனும் ஒரு வாரமாகத் தூங்கியிருக்க மாட்டான்.

அப்புறம் அவனுக்கு ஒரு வேலை குடுங்கள். ஒரு பக்கெட்டில் தண்ணீர் வைத்து, பந்தை முக்கி முக்கி, லெப்ட் பேக்கை விட்டு அவனுக்குக் காலால் தள்ளச் சொல்லுங்கள். ஒரு பந்தையும் கையால் தொடக் கூடாது. முதல் தொடுதலிலேயே லைனுக்கு வெளியே, வலது காலால் இருபது, இடது காலால் நாற்பது. இடது கால் ஏன் அதிகம் என்றால், பயத்தில் கீப்பர் பந்தைக் கையால் எடுப்பதற்குப் பாதிக் காரணம் தன் இடது காலை நம்பாததுதான். என் கோச் இப்படித்தான் என்னைத் திருத்தினார். நானும் ஒரு பேக் பாஸைக் கையால் எடுத்திருக்கிறேன் அண்ணே, பத்தொன்பது வயதில். என்னிடம் யாரும் வந்து பேசவில்லை.

---

நீடாமங்கலம் பட்டறை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டு வந்தேன்.

லெப்ட் பேக்கின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி “வாடா போகலாம்” என்றேன். எங்கே என்று கேட்காமலே ஏறினான். மூணாறு தலைப்பில் மூன்று ஆற்றிலும் தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. வழியில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பையன் வயலில் இருந்தான். சம்பா பொதி கட்டி நிற்கும் நேரம், மழைத் தண்ணீர் தேங்கிவிடக் கூடாது என்று மண்வெட்டியால் வரப்பை வெட்டி வடித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தான், மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. நான் வரப்பில் நின்றபடியே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. “கீப்பர்கிட்ட குடுன்னு கத்துனது நான்தாம்பா. இவன் என் பேச்சக் கேட்டுத்தான் குடுத்தான். கேட்டுல அத்தன பேரு ஒன்னப் பேசுனப்பவும் நான் வாயத் தொறக்கல.”

அவன் கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடுவதையே பார்த்தான். அப்புறம், “அது ஒங்க கொரலுன்னு எனக்கு அப்பவே தெரியும்ண்ணே. இவனும் அன்னிக்கி ராத்திரியே போன் பண்ணிச் சொல்லிட்டான்” என்றான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நான் ஒருத்தன்தான் அந்த விஷயத்தைச் சுமந்துகொண்டிருந்ததாக நினைத்திருந்தேன்.

“நான் கையை எடுத்திருக்கணுமாண்ணே?” என்று கேட்டான். அதை மட்டும்தான் கேட்டான். போனை எடுத்து மாயவரம் ஐயா எழுதியதை முழுவதும் வாசித்தேன். ‘கையை எடுத்த கீப்பரை நான் ஒருவனைக்கூடப் பார்த்ததில்லை’ என்ற இடம் வந்ததும் “இன்னொரு தடவ படிங்க” என்றான். படித்தேன். காரைக்கால் தம்பி எழுதியதையும் படித்தேன். பார்போசாவின் பேரை அவன் கேள்விப்பட்டதே இல்லை. எந்தப் பக்கம் நகர்ந்தார், எவ்வளவு தூரம் நகர்ந்தார் என்று வரப்பிலேயே நின்று காட்டச் சொன்னான். லெப்ட் பேக் கிஜியாவாக ஓடி வந்தான். கீப்பர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, அரை அடி எடுத்து வைத்துப் பார்த்தான். “நானும் இங்கதாண்ணே வந்திருப்பேன்” என்றான்.

அவன் அம்மா வீட்டில் டீ போட்டுக் குடுத்தார்கள். அவன் கை கழுவப் போனபோது என்னிடம் மெதுவாகச் சொன்னார்கள்: “ராத்திரியில எந்திரிச்சி ஒக்காந்து கையத் திருப்பித் திருப்பிப் பாக்குறான் தம்பி. கையில என்னமோ அடிபட்டிருக்குன்னுதான் நான் நெனச்சேன்.”

திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு கிரவுண்டில் நின்றான். பக்கெட்டை நான் கொண்டுபோனேன். இடது காலால் நாற்பதில் ஒன்பதுதான் சரியாக லைனுக்கு வெளியே போனது. இன்று காலை பதினேழு. பி.டி. சாரிடமும் பேசினேன். அடுத்த மேட்சில் போஸ்டுக்குப் பின்னால் நிற்பேன், ஆனால் அவர் கை எந்தப் பக்கம் வீசுகிறதோ அதைப் பார்த்துத்தான் குரல் கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். லைனில் நிற்கும் மற்றவர்களிடமும் சொல்லிவருகிறேன். ரயில்வே கேட்டுப் பக்கம் டீக்கடையில் நேற்று சொன்னேன், நாலு பேர் கேட்டுக்கொண்டார்கள், ஒருத்தர் சண்டைக்கு வந்தார்.

இப்போது இன்னொரு உதவி வேண்டும். லெப்ட் பேக் தினமும் வந்து பந்து தள்ள முடியாது, அவனுக்கு வீட்டில் பால் கறக்கிற வேலை இருக்கிறது. கீப்பர் தனியாகப் பழக, அடித்த பந்து திரும்பி வருகிற மாதிரி ஒரு இரும்புச் சட்டம் செய்து தரலாம் என்று இருக்கிறேன். ஆறடிக்கு நாலடி, ஒன்றரை இஞ்ச் பைப், நடுவில் வலையை ஸ்பிரிங் போட்டு இழுத்துக் கட்டுவதாக யோசனை. பின்னால் எவ்வளவு சாய்த்தால் பந்து தரையோடு திரும்பி வரும், எவ்வளவு சாய்த்தால் எழும்பி வரும் என்று தெரியவில்லை. இரண்டு விதமும் வருகிற மாதிரி காலில் துளை போட்டு போல்ட் வைக்கலாமா? காரைக்கால் தம்பி, உங்கள் பக்கம் இப்படி ஒன்று பார்த்திருந்தால் ஒரு படம் அனுப்புங்கள். சனிக்கிழமை பைப் வெட்டலாம் என்று இருக்கிறேன்.